விருந்தாளியோடு ஒரு மாலைப்பொழுது: லண்டனில் நாடகமும் இசையும்



சென்ற மாதம் நான் பேசியது வருமான வரிப் படிவம் பற்றி. அதைக் கேட்டுவிட்டு நேயர் ஒருவர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, "இந்த மனுசன் ஒரு நாளாவது சந்தோசமான விசயம் கதைக்க மாட்டாரோ?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆகவே இந்த மாதம் வரியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, விடுமுறைக்கு வரும் உறவினரை நாடகத்துக்கும் இசை நிகழ்ச்சிக்கும் கூட்டிக்கொண்டு போவது பற்றிச் சொல்கிறேன். கணக்கு நடுவில் எட்டிப் பார்க்கும். அதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

யூலை, ஓகஸ்ட் வந்தால் வெஸ்ட் ஈலிங்கில் எங்கள் வீடுகள் நிறைந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து, கனடாவிலிருந்து, ஜேர்மனியிலிருந்து ஆட்கள் வந்து இறங்குவார்கள். சப்பல் வீதி கனகதுர்க்கை அம்மன் ஆலயத்தின் தேரும் அந்தக் காலத்தில்தான். தேருக்கு வருகிற சனத்தில் பாதி வெளியூர் என்றாலும் மிகையில்லை. தேர் முடிந்த பிறகு அவர்களை எங்கே கூட்டிப் போவது? நாங்கள் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் வைத்திருக்கிறோம்: ராணி இருந்த மாளிகை, பெரிய சக்கரம், மெழுகுச் சிலைகள், பாலம், பிறகு சவுத்ஹோலில் சாமான் வாங்கல். நல்ல பட்டியல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இவையெல்லாம் பார்த்துப் படம் எடுத்துவிட்டு நகர்கிற இடங்கள். இந்த நகரத்துக்கு உலகமெங்குமிருந்து ஆட்கள் வருகிற காரணங்களில் ஒன்று, இங்கே ஒவ்வொரு மாலையும் உயிரோடு நடக்கிற நாடகமும் இசையும். அதை நாங்கள் எங்கள் விருந்தாளிகளுக்குக் காட்டுவது குறைவு. "விலை கூட", "அவையளுக்கு இங்கிலீசு விளங்காது" என்று இரண்டு காரணம் சொல்வோம். நானும் சொன்னவன்தான்.

2023ஆம் ஆண்டு ஓகஸ்டில் என் மூத்த அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை, அப்போது அவருக்கு எழுபது வயது. எனக்கும் அவருக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அத்தான் காலமாகி ஒரு வருடம் முடிந்திருந்தது. விசா ஆறு மாதத்துக்குக் கிடைத்தும் ஐந்து வாரத்துக்கு மேல் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். முழங்கால் வருத்தம் வேறு. இனி ஒருமுறை இவ்வளவு தூரம் வருவாரோ என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இந்த அக்காதான் எனக்கு மேடை என்றால் என்னவென்று காட்டியவர். எழுபதுகளில் கோயில் வீதியில் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம் நடக்கும். மணலில் பாய் விரித்து இருப்போம். அரிச்சந்திரன் சுடலைக்கு வருமுன்பே நான் நித்திரையாகிவிடுவேன். அக்கா தன் சால்வையை மடித்து என் தலைக்குக் கீழே வைத்துவிட்டு விடியும்வரை பார்ப்பார். 1985இல் குழந்தை சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' மேடையேறியபோது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்த என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்படிப்பட்டவரை லண்டனில் நான் முதலில் எங்கே கூட்டிப் போனேன் என்பதைச் சொல்ல எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

வெஸ்ட் எண்ட் பகுதியில் பெயர் பெற்ற ஓர் இசை நாடகம். பெயர் வேண்டாம். ஒரு சனிக்கிழமை திடீரென்று யோசித்து, கைத்தொலைபேசியில் முதலில் வந்த தளத்தில் மூன்று ரிக்கற் எடுத்தேன். ஒன்று 118 பவுண். மண்டபத்துக்குப் போய் ரிக்கற்றைப் பார்த்தால் அதில் அச்சிட்ட விலை 65. கணக்காளன் ஒருவன் 195 பவுண் பெறுமதியான பொருளை 354 பவுணுக்கு வாங்கியிருக்கிறான். மிச்சம் 159 பவுண் இடைத்தரகருக்கு. அது போகட்டும். இருக்கை மூன்றாம் மாடியில், எங்கள் பனை மரத்தில் ஏறி இருந்து பார்க்கிற மாதிரி. லிஃப்ற் கிடையாது. அக்கா ஒவ்வொரு படியாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாட்டு முழங்கிற்று, ஆட்கள் ஓடினார்கள், விளக்கு மின்னிற்று. இடைவேளையில் "எப்படி அக்கா?" என்று கேட்டேன். "நல்ல விறுவிறுப்பு தம்பி. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீ பாவம், காசு கனக்கக் குடுத்திருப்பாய்" என்றார். இரண்டாம் பாதியில் நித்திரையாகிவிட்டார். இந்த முறை சால்வை மடித்து வைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இதில் அந்த இசை நாடகத்தின் பிழை ஒன்றுமில்லை. பிழை முழுக்க என்னுடையது. வாங்கிய இடம் பிழை, இருக்கை பிழை, எல்லாவற்றுக்கும் மேலாக அக்காவுக்கு எது பிடிக்கும் என்று யோசிக்காமல் எது பெயர் பெற்றது என்று யோசித்தது பிழை.

முதலில் வாங்குவது பற்றி. ரிக்கற்றை எப்போதும் அந்த அரங்கின் சொந்தத் தளத்தில் அல்லது அதன் வாசலில் உள்ள கவுண்டரில் வாங்குங்கள். மறுவிற்பனைத் தளங்கள் ரிக்கற்றில் அச்சிட்ட விலையையும் இருக்கை விபரத்தையும் வாங்குபவருக்குக் காட்ட வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. காட்டுவார்கள், ஆனால் அவசரத்தில் இருப்பவன் கண்ணுக்கு அது படாது. என் கண்ணுக்குப் படவில்லை. அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடை செய்யப் போவதாக 2025 நவம்பரில் அரசாங்கம் அறிவித்தது. அதுவரை எங்கள் கண்தான் எங்களுக்குக் காவல்.

மலிவாக எடுக்க வழிகள் பல உண்டு. லெஸ்டர் சதுக்கத்தில் அன்றைய, அடுத்த நாட்களின் ரிக்கற்றுகளைக் குறைந்த விலைக்கு விற்கும் சிறு கட்டடம் ஒன்று இருக்கிறது. 1980 முதல் இயங்குகிறது, அரங்குக்காரரின் சங்கமே நடத்துகிறது. சுற்றிவரப் பல கடைகள் அதே மாதிரிப் பலகை போட்டிருக்கும். சதுக்கத்துக்குள்ளே தனியாக நிற்பதுதான் உண்மையானது. பல அரங்குகள் அன்று காலையில் சில இருக்கைகளை மிகக் குறைந்த விலைக்கு விடுகின்றன. பிள்ளைகளோடு வருபவர்களுக்கு ஓகஸ்ட் மாதமே வசதி: அரங்குக்காரரின் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திட்டத்தில், பங்குபற்றும் நாடகங்களுக்கு ஒரு பெரியவர் முழு விலை கொடுத்தால் 17 வயது வரையான ஒரு பிள்ளைக்கு இலவசம். கொலிசியம் அரங்கில் இங்கிலீசில் ஒப்பரா நடத்தும் இங்கிலிஷ் நஷனல் ஒப்பரா, 2021 முதல் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு இலவச ரிக்கற் கொடுக்கிறது. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கணக்கு எட்டிப் பார்க்கும் என்றேன் அல்லவா. வணிக அரங்கின் ரிக்கற்றில் 20 வீதம் வற் வரி அடக்கம். அதாவது விலையில் ஆறில் ஒரு பங்கு. 65 பவுணில் ஏறக்குறைய 10 பவுண் 83 பென்ஸ் நிதியமைச்சருக்குப் போகிறது. இலாப நோக்கமற்ற கலை அமைப்புகள் சிலவற்றுக்கு இந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. போதும், நிறுத்திவிடுகிறேன்.

இருக்கை பற்றி ஒரு விளக்கம். லண்டனின் பழைய அரங்குகள் பெரும்பாலும் விக்ரோரியா மகாராணி காலத்திலும் அதற்குப் பிந்திய பத்து இருபது ஆண்டுகளிலும் கட்டியவை. நிலத்தில் உள்ளது ஸ்ரோல்ஸ், அதற்கு மேல் டிரெஸ் சேர்க்கிள், அதற்கும் மேல் அப்பர் சேர்க்கிள், சில இடங்களில் எல்லாவற்றுக்கும் மேலே பல்கனி. அந்தக் காலத்தில் மேல்மாடிக்காரர் கனவான்களோடு ஒரே வாசலால் வரக் கூடாது என்று பக்கத்துத் தெருவில் தனி வாசலும் தனிப் படிக்கட்டும் வைத்துக் கட்டினார்கள். அந்தப் படிக்கட்டைத்தான் என் அக்கா ஏறினார். முழங்கால் வருத்தமோ கண் பார்வைக் குறைவோ உள்ளவர்கள் வந்தால், ரிக்கற் எடுக்க முன் அரங்குக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள். அநேகமாக எல்லா இடத்திலும் அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. படி இல்லாத இருக்கை தருவார்கள், சில வேளை கூடப் போகிறவருக்கும் விலை குறையும். கூச்சப்படத் தேவையில்லை. இன்னொன்று: 'பார்வை மறைக்கும்' என்று குறித்து விலை குறைத்த இருக்கை என்றால் முன்னால் ஒரு தூண் நிற்கும். இசை நிகழ்ச்சிக்குத் தூண் பரவாயில்லை, காதுக்குத் தூண் மறைக்காது. நாடகத்துக்கு வேண்டாம்.

இனி இரண்டாவது மாலைக்கு வருகிறேன்.

யூலை நடுப்பகுதியிலிருந்து செப்ரெம்பர் நடுப்பகுதி வரை எட்டு வாரம் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் அநேகமாகத் தினமும் இசை நடக்கும். புறொம்ஸ் என்று சொல்வார்கள். 1895இல் றொபேட் நியூமன் என்ற மண்டப முகாமையாளரும் ஹென்றி வூட் என்ற இசை நடத்துநரும் தொடங்கியது. நல்ல இசையைச் சாதாரண சனம் குறைந்த காசுக்கு நின்று கேட்க வேண்டும் என்பதே நோக்கம். முதலில் குயின்ஸ் மண்டபத்தில் நடந்தது. 1927இல் பிபிசி பொறுப்பெடுத்தது. 1941 மே மாதம் ஜேர்மன் குண்டு விழுந்து அந்த மண்டபம் எரிந்துபோக, அந்தக் கோடையிலேயே அல்பேர்ட் மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். நின்று கேட்கும் வழக்கம் இன்றுவரை இருக்கிறது. நடுத்தளத்தில் நிற்கலாம், அல்லது கூரைக்குக் கீழே சுற்றிவர உள்ள கலரியில் நிற்கலாம். நாங்கள் போனபோது நிற்பதற்கு ஒருவருக்கு 8 பவுண், அன்று காலை இணையத்தில் எடுக்க வேண்டும். மூன்று பேருக்கு 24 பவுண்.

"நிக்க ஏலுமோ அக்கா?" என்று கேட்டேன். "நல்லூர்த் திருவிழாவிலை நிக்காத காலே இது?" என்றார்.

வெஸ்ட் ஈலிங்கிலிருந்து போவது சுகம். ஈலிங் புறோட்வேக்குப் போய் டிஸ்ரிக்ற் லைனில் ஏறினால் மாறாமல் சவுத் கென்சிங்ரன். அங்கிருந்து மெதுவாக நடந்தால் மண்டபம். லிஃப்ற்றில் கலரிக்குப் போனோம். போய்ப் பார்த்தால் அங்கே சனம் நிற்கவில்லை. பாதிப் பேர் நிலத்தில் இருக்கிறார்கள், ஒருவர் காலை நீட்டிப் படுத்தே விட்டார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சால்வையை எடுத்து விரித்து, சுவரில் சாய்ந்து இருந்துவிட்டார்.

அன்று ஒரு வயலின் கொன்செர்ற்றோ இருந்தது. அதாவது ஒரு வயலின்காரர் முன்னால் நிற்க, பெரிய வாத்தியக் குழு பின்னால் இருந்து, இருவரும் மாறி மாறியும் சேர்ந்தும் வாசிக்கிற அமைப்பு. நான் வேண்டுமென்றே அதைத் தெரிந்தேன். ஏனென்றால் வயலின் எங்களுக்கு அந்நியமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதை எங்கள் இசைக்குள் கொண்டுவந்தார்கள். அதே வாத்தியம், சுருதி சேர்ப்பதும் பிடிப்பதும்தான் வேறு. நாங்கள் நிலத்தில் இருந்து கணுக்காலில் சாய்த்து வாசிக்கிறோம், இவர்கள் நின்றுகொண்டு நாடியில் வைத்து வாசிக்கிறார்கள். முதல் நாள் இரவு வீட்டில் அதே பாடலின் ஒலிப்பதிவை இரண்டு முறை போட்டேன். அக்கா மரக்கறி வெட்டியபடி கேட்டார். இரண்டாம் முறை போகும்போது நடுப் பகுதியில் ஓர் இடத்தில் கத்தியை நிறுத்தினார். அந்த இடத்தை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

மண்டபத்தில் அந்த இடம் வந்தபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். விரல் மட்டும் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. தாளம் போடுகிறாரோ, வலியோ என்று எனக்கு விளங்கவில்லை. முடிந்து சனம் கைதட்டும்போது குனிந்து என் காதில் ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, மைக் எங்கை வைச்சிருக்கினம்?"

வானொலிக்கு ஒலிப்பதிவு செய்யத்தான் மைக் தொங்குகிறது, மண்டபத்தில் ஒலிபெருக்கி ஒன்றும் இல்லை, நீங்கள் கேட்டது அவ பிடித்த வில்லின் சத்தம்தான் என்றேன். அக்கா நம்பவில்லை. ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் மண்டபம், நாங்கள் இருப்பது உச்சியில், கீழே அந்தப் பிள்ளை கட்டை விரல் அளவு தெரிகிறாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அதுதான் எல்லாரும் மூச்சு விடாமல் இருந்தவை" என்றார்.

நேயர்களே, இந்த ஒரு விசயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் கச்சேரிகளை நாங்கள் அநேகமாக ஒலிபெருக்கி வழியாகவே கேட்டு வளர்ந்தவர்கள். கோயில் வீதியில் ஒலிபெருக்கி முழங்கும், நாங்கள் கதைத்தாலும் கடலை கொறித்தாலும் பாட்டு எங்களுக்கு மேலால் வந்துவிடும். நாதஸ்வரம் மட்டும் விலக்கு, அது தன் பலத்தில் நாலு வீதிக்கும் கேட்கும். ஒலிபெருக்கி இல்லாத மண்டபத்தில் நிலைமை வேறு. வாசிப்பவர் மிக மெதுவாக வாசிக்கலாம், ஏனென்றால் கேட்பவர்கள் அமைதியாக இருப்பார்கள் என்ற நம்பிக்கை. அந்த அமைதியும் இசையின் ஒரு பகுதி. ஒருவர் பையின் சிப்பைத் திறந்தால் பத்து வரிசைக்குக் கேட்கும். இதைத்தான் நாங்கள் 'வெள்ளைக்காரரின் கெடுபிடி' என்று பிழையாக எண்ணுகிறோம்.

அல்பேர்ட் மண்டபத்தின் ஒலி ஆரம்பத்தில் மோசம் என்று பேர் எடுத்தது. 1871இல் திறந்ததிலிருந்து எதிரொலி. ஒரு பாட்டை இரண்டு முறை கேட்கலாம் என்று பகிடி விடுவார்கள். 1969இல் கூரையிலிருந்து காளான் போன்ற தட்டுகளைத் தொங்கவிட்டு எதிரொலியைக் குறைத்தார்கள். கலரியில் இருந்தால் அந்தக் காளான்கள் கண்ணுக்கு நேரே தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பொழுது போகும்.

கைதட்டுவது பற்றியும் கேட்பார்கள். சிம்பனி என்பது பெரும்பாலும் நாலு பகுதி, கொன்செர்ற்றோ என்றால் மூன்று. பகுதிக்கும் பகுதிக்கும் இடையில் சிறு இடைவெளி வரும். சனம் இருமும், கைதட்டாது. எல்லாப் பகுதியும் முடிந்து நடத்துநர் கையைக் கீழே விட்ட பிறகுதான் தட்டுவார்கள். தெரியாமல் தட்டினால் ஒருவரும் அடிக்க மாட்டார்கள், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவர் தட்டும்வரை காத்திருங்கள். எங்கள் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் தேநீர் குடிக்க எழும்பிப் போகிற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து அங்கே கொண்டு போக வேண்டாம். இங்கேயும் வேண்டாம் என்பதே என் எண்ணம்.

மூன்றாவது மாலை நாடகம். அதுவும் அக்காவின் வாயிலிருந்தே வந்தது. "இங்கை கதை விளங்குகிற நாடகம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்.

அந்தச் செப்ரெம்பரில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள நஷனல் தியேட்டரில் காந்தியின் கொலையாளி பற்றிய 'தந்தையும் கொலைஞனும்' என்ற பொருள்படும் பெயர் கொண்ட நாடகம் நடந்துகொண்டிருந்தது. எழுதியவர் சென்னையைச் சேர்ந்த அனுபமா சந்திரசேகர். 2022இல் முதல் மேடையேறி, 2023இல் திரும்ப வந்தது. கோட்சேயாக நடித்தவர் கொழும்பில் பிறந்த ஹிரான் அபேசேகர. 'லைஃப் ஒஃப் பை' நாடகத்துக்காக 2022இல் சிறந்த நடிகருக்கான ஒலிவியே விருது பெற்றவர் அவர். சென்னைப் பெண் எழுதிய நாடகம், கொழும்புப் பையன் நடிப்பு, லண்டனின் மிகப் பெரிய மேடைகளில் ஒன்று. இதற்குக் கூட்டிப் போகாமல் வேறு எதற்குக் கூட்டிப் போவது?

ஆனால் இங்கிலீசு? அக்கா இங்கிலீசு நன்றாக வாசிப்பார். இங்கே ஆட்கள் வேகமாகப் பேசும்போதுதான் பிடிபடாது. எங்கள் ஊரில் படித்தவர்களில் அநேகரின் நிலை இதுதான். இதற்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறது. காது கேளாதோருக்காக, நடிகர் பேசும் வசனத்தை அதே நேரத்தில் மேடைப் பக்கத்தில் ஒரு திரையில் எழுத்தாகக் காட்டும் காட்சிகளைப் பல அரங்குகள் குறிப்பிட்ட நாட்களில் நடத்துகின்றன. ஸ்ரேஜ்ரெக்ஸ்ற் என்ற தொண்டு நிறுவனம் 2000ஆம் ஆண்டிலிருந்து இதை இந்த நாட்டில் பரப்பியது. அந்த நாள் எது என்று பார்த்து ரிக்கற் எடுத்தால், காதில் தவறுவதைக் கண் பிடித்துக்கொள்ளும். நாங்கள் அப்படித்தான் எடுத்தோம், மூன்று பேருக்கு 75 பவுண். ஒப்பரா அரங்குகளிலும் மேடைக்கு மேலே வசனம் ஓடும், அங்கே அது எல்லா நாளும் உண்டு.

போவதற்கு முன் சாப்பாட்டு மேசையில் கதையைத் தமிழில் சொன்னேன். பத்து நிமிடம் போதும். "முடிவைச் சொன்னால் சுவை போய்விடாதா?" என்று என் மகன் கேட்டான். அக்கா சிரித்தார். மயான காண்டத்தின் முடிவு தெரியாமல் யார் மணலில் போய் இருந்தது? சந்திரமதி பிழைப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே விடியும்வரை அழுதார்கள். கதை தெரிந்தவனுக்குத்தான் நடிகன் எப்படிச் செய்கிறான் என்று பார்க்க நேரம் இருக்கும். காந்தி 1948 சனவரி 30ஆம் திகதி சுடப்படுவார் என்பது அந்த அரங்கில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

அந்த நாடகத்தில் கோட்சேயே சபையைப் பார்த்துக் கதை சொல்லிக்கொண்டு வருகிறான். எங்கள் கூத்தின் கட்டியக்காரன் மாதிரி என்று அக்காதான் சொன்னார். திரையை முதல் கால் மணி நேரம் பார்த்தார், பிறகு வரவர மேடையை மட்டுமே பார்த்தார். வெளியே வந்து ஆற்றங்கரையில் நடக்கும்போது நாடகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது அப்பா ஏழு வயதுப் பிள்ளையாக ஆரோ ஒருவரின் தோளில் இருந்து பார்த்ததைச் சொன்னார். நான் பிறந்த பிறகு அப்பா அதைச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. என் மகனும் கேட்டுக்கொண்டு வந்தான்.

சேக்ஸ்பியர் வேண்டும் என்பவர்களுக்கு அதே கரையில் குளோப் அரங்கு. 1599இல் கட்டிய பழைய அரங்கின் சாயலில் 1997இல் திறந்தது. கூரை நடுவில் திறந்திருக்கும், முற்றத்தில் நின்று பார்க்கும் ரிக்கற் 5 பவுணிலிருந்து கிடைக்கிறது. முற்றத்தில் நிலத்தில் இருக்க விடமாட்டார்கள், மழை பெய்தால் குடை பிடிக்கவும் கூடாது. இளையவர்களுக்கே பொருத்தம். 2012இல் அங்கே 37 நாடகங்களை 37 மொழிகளில் போட்டார்கள். இந்தி, குஜராத்தி, வங்காளம், உருது எல்லாம் இருந்தன, தமிழ் இருக்கவில்லை. எனக்கு அதில் இன்னும் ஒரு சிறு கோபம் உண்டு.

தமிழ் மேடையைத் தேடுபவர்களுக்கு இங்கே இடமில்லை என்று நினைக்க வேண்டாம். 1978இல் இலங்கையில் தொடங்கி, பின்னர் லண்டனுக்கு வந்த க. பாலேந்திராவின் தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் நாடகம் போட்டால் கட்டாயம் போங்கள். கர்நாடக இசைக்கு வெஸ்ட் கென்சிங்ரனில் பாரதிய வித்யா பவன், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் 1978 முதல் இருக்கிறது. அதுவும் டிஸ்ரிக்ற் லைனில் மாறாமல் போகும் இடம். சிறு மண்டபம், பாடுபவரின் முகம் கிட்டத் தெரியும். ஒரு பெரிய சபாவில் தூரத்தில் இருந்து கேட்பதைவிட எனக்கு இது பிடிக்கும்.

இன்னும் கிட்ட வேண்டுமென்றால் நடந்தே போகலாம். மற்றொக் லேனில் குவெஸ்ரர்ஸ் அரங்கு இருக்கிறது, 1929இல் தொடங்கியது. சம்பளம் வாங்காத உள்ளூர் ஆட்களே நடிக்கிறார்கள், தரம் குறைவென்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய நாடகம் பார்த்தவர்களுக்கு அந்தச் சூழல் உடனே பிடிக்கும். பக்கத்து வோல்போல் பூங்காவில் கோடையில் ஜாஸ் விழா நடக்கும். ஈலிங் புறோட்வே ஸ்ரேசனுக்கு எதிரே உள்ள நிலவறை ஒன்றில் 1962 மார்ச் மாதம் தொடங்கிய இசைக் கழகத்தில்தான் பின்னர் றோலிங் ஸ்ரோன்ஸ் ஆன பையன்கள் ஒருவரை ஒருவர் சந்தித்தார்கள். இருபது வருடம் அந்த வாசலைக் கடந்து வேலைக்குப் போனவன் நான், எனக்கு இதைச் சொன்னது கனடாவிலிருந்து வந்த மச்சானின் மகன்!

வீடு திரும்பும் வழியையும் முன்கூட்டியே யோசியுங்கள். 2022 நவம்பரிலிருந்து எலிசபெத் லைன் வெஸ்ட் ஈலிங்கிலிருந்து ரொட்டன்ஹாம் கோர்ட் றோட்டுக்கு மாறாமல் போகிறது, இருபது நிமிடமளவில். வெஸ்ட் எண்ட் அரங்குகளில் அநேகம் அங்கிருந்து நடைதூரம். விருந்தாளிகளுக்கு இரவு பதினொரு மணி வீதி பயமாக இருந்தால் புதன், சனி போன்ற நாட்களில் பகல் காட்சி இருக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனி வங்கி அட்டை அல்லது ஒயிஸ்ரர் அட்டை தட்ட வேண்டும், ஒரு அட்டையை இருவர் தட்ட முடியாது. நேரத்துக்குப் போங்கள். தொடங்கிய பிறகு வந்தால் நல்ல இடைவெளி வரும்வரை வெளியே நிற்க வைப்பார்கள். எங்கள் கலியாண வீட்டு நேரம் அங்கே செல்லாது.

அக்கா செப்ரெம்பர் நடுவில் திரும்பிப் போனார். எட்டு லட்சம் ரூபாய்க்குச் சாமான் வாங்கிக் கொடுத்தாலும் கொண்டு போக மாட்டேன் என்றவர், புறொம்ஸ் நிகழ்ச்சிப் புத்தகத்தை மட்டும் கைப்பைக்குள் வைத்தார்.

2025 மார்ச் 8ஆம் திகதி இளையராஜா தன் 'வேலியன்ற்' சிம்பனியை ஹமர்ஸ்மித் அப்பலோ அரங்கில் மேடையேற்றினார். எங்கள் வீட்டிலிருந்து அரை மணித்தியாலப் பயணம். ஆண்டு முடிவுக் கணக்குகளோடு கிடந்த நான் ரிக்கற் எடுக்கப் பிந்திப் போனேன். அன்றிரவே யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி. "போனனியோ?" இல்லையென்றேன். நல்ல பேச்சு வாங்கினேன். பிறகு குரல் தணிந்து, "போன ஆக்கள் ஆரையும் தெரியுமோ? மைக் வைச்சவையோ எண்டு ஒருக்கால் கேட்டுச் சொல்லு" என்றார்.